லேத்துக்காகப் போட்ட மொட்டை

மகாலட்சுமியைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். சாது, பொறுமைசாலி, அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஒரு மெஷினைத் தொட வேண்டும் என்பதற்காகப் பதினெட்டு வயதில் சமயபுரத்துக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவள் அவள். கூடப் போய், வெளியில் அவள் செருப்புக்குக் காவல் இருந்தவள் நான். சாதுவாம்.

நாங்கள் இருவரும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் கே.கே. நகரில் என் வீட்டுக்காரர் காஜா மைதீனோடு மோட்டார் ரீவைண்டிங் கடை நடத்துகிறேன். அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். ஒருநாள் ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவள் அவளைப் பார்க்க ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். புதிதாகப் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பெண்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி நின்றார்கள். மேஜையில் ஸ்க்ரூ கேஜ் கிடந்தது. ஒருத்தியும் எடுக்கவில்லை.

"தொடு," என்றாள் மகாலட்சுமி.

"உடைஞ்சிடும் மிஸ்."

"உடைஞ்சா நான் பாத்துக்கறேன். நீ தொடு."

அந்தப் பெண்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'தொடு மிஸ்'. அவளிடம் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டுப் போன பெண்களில் ஒருத்தி இன்று பாலம் கட்டும் கம்பெனியில் இருக்கிறாள். இன்னொருத்தி காற்றாலை மேல் ஏறி இறங்குகிறாள். தீபாவளிக்கு இவளுக்குப் போன் வரும். பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அந்த உயரத்துல காத்து எப்படி அடிக்கும் வஹீதா?" என்று கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்? நான் கடையில் காயில் சுற்றிக்கொண்டிருப்பவள்.

இந்த 'தொடு' எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் பொன்மலைக்குப் போக வேண்டும். அவளுடைய அப்பா ரங்கசாமி ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டர்னர். லேத்தில் இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற வேலை. குவார்ட்டர்ஸில்தான் வீடு. காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் தெரு முழுக்கச் சைக்கிள். சாயங்காலம் ஊதினால் அதே சைக்கிள்கள் எண்ணெய் வாசனையோடு திரும்பும். இடையில் அந்த கேட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வருஷத்தில் ஒருநாள், ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும், குடும்பத்தை உள்ளே அழைத்துப் போகலாம்.

அன்றைக்குப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, கையில் பொரிகடலை பொட்டலத்தோடு மகாலட்சுமி உள்ளே போவாள். அப்பாவின் லேத்தைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருப்பார்கள். அது அசையாமல் நிற்கும்.

"ஓட்டிக் காட்டுங்கப்பா."

"இன்னிக்கு அதுக்கு லீவு பாப்பா. இன்னிக்கு ஓட்டக் கூடாது."

"அப்ப நாளைக்கு வரட்டா?"

"நாளைக்கு உன்ன உள்ள விட மாட்டாங்க."

ஓடுகிற நாளில் இவள் போக முடியாது, இவள் போகிற நாளில் அது ஓடாது. ஒவ்வொரு வருஷமும் இதே கதை. மற்ற பிள்ளைகள் பொரியைத் தின்றுவிட்டு ஓடிப் பிடித்து விளையாடும்போது இவள் மட்டும் லேத்து முன்னால் நின்றுகொண்டிருப்பாளாம். அந்த கேட்டுக்குள் ஒரு வேலை நாளில் நுழைய வேண்டும், அந்த லேத்தைத் தன் கையால் ஓட்ட வேண்டும் என்ற ஆசை அப்போது பிடித்தது. இன்றுவரை விடவில்லை.

அதனால்தான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் எடுத்தாள். நான் எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை, வேறு பிரிவில் இடம் இல்லை. வகுப்பு நிறையப் பையன்கள், கடைசியில் நாங்கள் இருவர். தியரி வகுப்பில் யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. ஒர்க்‌ஷாப் வகுப்பில்தான் வம்பு. அங்கே இன்ஸ்ட்ரக்டர் பீமராவ் சார். பையன்களுக்கு ஆளுக்கொரு லேத். எங்களுக்கு மட்டும் சுவரோரம் ஒரு பெஞ்சு. "நீங்க ரெண்டு பேரும் பாத்து அப்சர்வேஷன் எழுதிக்குங்கம்மா" என்பார். கெட்டவர் இல்லை. பயந்தவர். ஏதாவது ஆகிவிட்டால் தன் வேலை போய்விடும் என்ற பயம்.

மகாலட்சுமி விடவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் போய்க் கேட்பாள். ஒருநாள் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. எல்லாப் பையன்கள் முன்னாலும் அவளுடைய பின்னலைக் காட்டினார். இடுப்புக்குக் கீழே தொங்கும், அப்படி ஒரு முடி.

"இது சுத்துற சக்குல மாட்டுச்சுன்னா தலையோட இழுத்துக்கும். முடியை எடுத்துட்டு வா, லேத் தரேன்."

பையன்கள் சிரித்தார்கள். எந்தப் பெண் முடியை எடுப்பாள் என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை அது. எனக்குப் பின்னல் பிரச்சினையே இல்லை, முக்காட்டைக் கழுத்துக்குப் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தேன். "அப்ப எனக்குக் குடுங்க சார்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீயும் போய் உக்காரும்மா" என்றார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, விஷயம் முடியில் இல்லை என்று. மகாலட்சுமிக்குப் புரியவில்லை. அவள் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் அவளுடைய அம்மா வீரம்மாள் உயிரோடு விட மாட்டார். கல்யாணத்துக்கு நிற்கிற பெண், முடியை வெட்டினாள் என்றால் தெருவே கூடிவிடும். ஆனால் சமயபுரத்து ஆத்தாவுக்கு வேண்டிக்கொண்டேன் என்றால்? எந்தத் தாயும் வாயைத் திறக்க முடியாது. அப்போது அவளுடைய அப்பாவுக்குத் தீராத வயிற்று வலி. ஒரு வெள்ளிக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் பஸ் ஏறினோம். அவள் உள்ளே போனாள். நான் தேங்காய்க்கடை ஓரமாக உட்கார்ந்து, அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே, யா அல்லா, இந்தக் கிறுக்கிக்கு நல்ல புத்தியைக் கொடு என்று துஆ கேட்டேன். மஞ்சள் சந்தனம் பூசிய தலையோடு வெளியில் வந்தவளைப் பார்த்ததும் அழுகையும் சிரிப்புமாக வந்தது.

வீட்டில், "அப்பா வயித்து வலி போகணும்னு வேண்டிக்கிட்டேம்மா" என்றாள். வீரம்மாள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். ரங்கசாமி அப்பா சந்தனம் காயாத அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஒர்க்‌ஷாப் வகுப்பில் பீமராவ் சார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொன்ன வார்த்தையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பையன்கள் ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஓரத்தில் இருந்த லேத்தைக் காட்டினார். அவளுக்குக் கொடுத்த பிறகு எனக்கு எப்படி இல்லை என்பார்? அவள் மொட்டையில் எனக்கும் பங்கு உண்டு.

முதல்முறை அவள் சுவிட்சைப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சக்கில் பிடித்த இரும்புத் தடி சுழல ஆரம்பித்தது. அவள் வெட்டும் டூலை மெதுவாக நகர்த்தினாள். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்குப் பிறகு அவள் கல்யாணத்திலும் நான் அதைப் பார்க்கவில்லை, குழந்தை பிறந்தபோதும் பார்க்கவில்லை. சொன்னால் கோபித்துக்கொள்வாள், ஆனால் உண்மை அதுதான்.

டிப்ளமோ முடிந்த அந்தக் கோடையில் ரங்கசாமி அப்பா போய்விட்டார். ஷிஃப்டுக்குக் கிளம்பி, சைக்கிளைத் தெருமுனை வரைக்கும் மிதித்தவர், இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். டாக்டர் இதயம் என்றார். மகாலட்சுமியின் தலையில் அப்போது முடி காது வரைக்கும் வளர்ந்திருந்தது.

வேலையில் இருக்கும்போது இறந்தவர் என்பதால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு. பொன்மலையில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பெரியவர்கள் கூடி உட்கார்ந்தார்கள். தம்பி ரெங்கராஜ் ப்ளஸ் டூ முடித்திருந்தான். அவனுக்கு போட்டோ ஸ்டுடியோ வைக்க ஆசை, இரும்பென்றால் ஆகாது. இவள் கையில் மெக்கானிக்கல் டிப்ளமோ. குருடனுக்குக்கூடத் தெரியும் அந்த வேலை யாருக்கு என்று. பெரியப்பா, "பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போறவ. பையனுக்குக் குடுத்தாத்தான் வீடு நிக்கும்" என்றார். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வீரம்மாள் அம்மா சபைக்கு நடுவில் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன், என் காதால் கேட்டேன்.

"மகா, உனக்கு வேணுமாடி? வேணும்னா சொல்லு. யாரு என்ன சொன்னாலும் உன் பேரையே எழுதிக் குடுக்கறேன்."

எந்த அம்மா கேட்பாள்? அந்தக் காலத்தில், அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில்! நான் கதவைப் பிடித்துக்கொண்டு, சொல்லுடி சொல்லுடி என்று மனதுக்குள் கத்தினேன். மகாலட்சுமி தரையைப் பார்த்தபடி, "வேணாம்மா, தம்பிக்கே குடுங்க" என்றாள்.

ரெங்கராஜ் அழுதுகொண்டே வேலைக்குப் போனான். இவள் அழாமல் வீட்டில் இருந்தாள். ஏன் வேண்டாம் என்றாய் என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன், திட்டினேன், கொஞ்ச நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். "விடு வஹீதா" என்பதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை.

பிறகு கல்யாணம். மாப்பிள்ளை செந்தமிழன், வையம்பட்டியில் விவசாயக் குடும்பம், இங்கே டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நல்ல மனுஷர். ஸ்ரீரங்கத்தில் வீடு பிடித்தார்கள். அம்மா வீட்டுக்கு வருகிற நாளில், ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலம் ஏறும்போது பக்கத்து ரயில் பாலத்தில் வண்டி போனால் கழுத்து வலிக்கத் திரும்பிப் பார்ப்பாள். அந்தச் சக்கரத்தின் அச்சை யாரோ கடைந்திருப்பார்கள் இல்லையா, அந்த நினைப்பு. பொன்மலையில் பேசிக்கொண்டிருக்கும்போது சங்கு ஊதினால் பேச்சு பாதியில் நின்றுவிடும். ஆயுத பூஜைக்குத் தம்பி வருந்தி வருந்திக் கூப்பிடுவான். இவள் போக மாட்டாள். "நின்னுக்கிட்டு இருக்கிற மெஷினை எத்தனை தடவ பாக்கறது?" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். முடி மட்டும் பழையபடி இடுப்புக்குக் கீழே வளர்ந்தது. அதைக் கொண்டை போட்டுக்கொண்டு ஆய்வகத்தில் ஸ்க்ரூ கேஜைத் துடைத்து வைத்தாள்.

மகள் பிறந்தாள். தேவதர்ஷினி. படிப்பில் கெட்டி, வாயிலும் கெட்டி. ப்ளஸ் டூ முடித்துக் கவுன்சலிங் வந்தபோது, செந்தமிழன் கம்ப்யூட்டர் என்றார், ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார். நான் மகாலட்சுமியைத் தனியாக இழுத்துப் போய், "பொண்ணுகிட்ட உன் கதையைச் சொல்லுடி" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"ஊர்ப் புள்ளைங்ககிட்ட எல்லாம் தொடு தொடுன்னு சொல்ற. சொந்தப் பொண்ணுகிட்ட மட்டும் வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

"அதுங்களுக்கு நான் மிஸ். இவளுக்கு நான் அம்மா. என் ஆசைய அவ தலையில கட்டிட்டேன்னா, அவ ஆசை என்னன்னு எப்பவுமே தெரியாமப் போயிடும்."

முறைத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் தானாகவே ஒருநாள் சாப்பிடும்போது, "அம்மா, நான் மெக்கானிக்கல் எடுக்கட்டா? மெஷின்னா எனக்குப் புடிச்சிருக்கு" என்று கேட்டாளாம். மகாலட்சுமி எழுந்து அடுப்படிக்குப் போய் மிக்சியைப் போட்டாள். உள்ளே சட்னியும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் ஜாரை ஓடவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதிருக்கிறாள். செந்தமிழன் வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "சரி சரி, அவ இஷ்டப்படியே சேத்துடலாம்" என்றிருக்கிறார். மனைவிக்கு மகள் எடுத்த முடிவு பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார் பாவம்.

தேவதர்ஷினி படித்தாள், ரயில்வே தேர்வு எழுதினாள், ஜூனியர் இன்ஜினீயர் ஆனாள். பயிற்சி முடிந்து போஸ்டிங் வந்தது பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கே. அந்தச் செய்தி வந்த மறுநாள் மகாலட்சுமி எனக்குப் போன் செய்தாள். "சமயபுரத்துக்கு வரியா? செருப்புக்கு ஆள் வேணும்."

அதே வாசல். தேங்காய்க்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அவள் மறுபடியும் அந்த முடி அத்தனையையும் கொடுத்துவிட்டு, நரைத்த புருவமும் சந்தனத் தலையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப எதுக்குடி? இப்ப யாரு உன் முடியக் கேட்டா?"

"கடன் வஹீதா. அன்னைக்கு அப்பா பேரைச் சொல்லி ஆத்தாகிட்டப் பொய் சொன்னேன். லேத்துக்காகப் போட்டுட்டு அப்பாவுக்குன்னேன். அடுத்த வருஷமே ஆத்தா அப்பாவ எடுத்துக்கிட்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அதனாலதான் வேலை வேணாம்னியா?"

"அப்பா உசுரை விட்டு வந்த வேலை. என் பொய்யால வந்ததுன்னு நினைச்சேன். அந்தக் கையோட போய் அவரு லேத்த எப்படித் தொடுவேன்? இப்ப என் பொண்ணு உள்ள போறா. அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அதான் இந்தத் தடவ நெசமா வேண்டிக்கிட்டுக் குடுத்தேன்."

இத்தனை வருஷம் இதைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள், என்னிடம்கூடச் சொல்லாமல். திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்த மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மகள் வேலையில் சேருகிற நாளில் நாங்கள் மூவரும் பொன்மலைக்குப் போனோம். கேட்டில் சைக்கிள் குறைந்து பைக் கூடியிருக்கிறது. ஆண்களோடு பெண்களும் சகஜமாக உள்ளே போகிறார்கள். தேவதர்ஷினி கைப்பையிலிருந்து ஒரு துணித் தொப்பியை எடுத்தாள். பின்னலைச் சுற்றிக் கொண்டை போட்டு, தொப்பியை அதன்மேல் இழுத்து மாட்டினாள். "போயிட்டு வரேம்மா, போயிட்டு வரேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். காவலாளி அவளுடைய அட்டையைப் பார்த்தார். முடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒரு தொப்பி," என்றாள் மகாலட்சுமி. "ஒரு தொப்பி போதும்னு அன்னைக்கு யாருக்கும் தோணல பாரு."

அந்த நேரத்தில் பைக்கை உருட்டிக்கொண்டு ரெங்கராஜ் வந்தான். அவனும் இப்போது தொப்பையும் நரையுமாக ஆகிவிட்டான். அக்காவின் தலையைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பிறகு சிரித்தான்.

"என்னக்கா, மறுபடியும் லேத்துக்கா?"

மகாலட்சுமி முகம் வெளுத்துவிட்டது. "என்னடா சொன்ன?"

"அன்னைக்கு லேத்துக்காகத்தானே மொட்ட போட்ட? அப்பா சொல்லித்தான் ஷாப்புல எல்லாருக்கும் தெரியுமே. நான் சேந்த புதுசுல தைரியராஜ் அண்ணன் சொன்னாரு. அப்பாகூட பக்கத்து மெஷின்ல நின்னவரு."

"அப்பா என்ன சொன்னாராம்?"

"'எம் பொண்ணு எனக்காக மொட்ட போட்டேங்கறா. மொட்ட போட்ட மறு வாரத்துலேருந்து வெரல்ல இரும்புச் சீவல் கிழிச்ச கோடு கோடா இருக்கு, சட்டையில ஆயில் நாத்தம். எங்கிட்டயே மறைக்கிறா பாரு. முடி இருந்தா லேத்து குடுக்க மாட்டாங்கன்னு ஆத்தாவையே ஏமாத்திட்டு வந்துட்டா'ன்னு சொன்னாராம். உனக்குத் தெரியும்னுதானே நான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்?"

அவள் அவனுடைய பைக் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள். "கோவமா சொன்னாராடா?"

"கோவமா? வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாராம். அன்னைக்கு ஷாப்புக்கே டீ வாங்கிக் குடுத்தாராம்க்கா."

சங்கு ஊதியது. ரெங்கராஜ் பதறி, "சாயங்காலம் வீட்டுக்கு வாக்கா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். கடைசியாக வந்த ஒன்றிரண்டு பேரும் போனார்கள். கேட்டுக்கு வெளியில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம்.

அவள் தன் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்ப அன்னைக்கு அம்மா கேட்டப்ப, வேணும்னு நான் சொல்லியிருக்கலாம் இல்ல வஹீதா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே மெஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகு நேரம் அங்கேயே நின்றோம்.